இருபது மடங்கும் பத்து மடங்கும்

1957 பெப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குத் தேநீர், ஐந்தரைக்குச் சவரம். ஆறு மணிக்கு, நான் வேலைபார்க்கும் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் பின்னாலுள்ள மழைமானியைப் பார்த்தேன். ஒரு துளியும் இல்லை. நமுனுகுல மலையுச்சி தெளிவாக இருந்தது. ஆறரைக்கு இடியப்பமும் சம்பலும். ஏழு மணிக்குத் தோட்டத்து லொறியில் முன்னால் ஏறி, டெலஸ்கோப் பொருத்திய ரைபிளை மடியில் கிடத்திக்கொண்டேன். பின்னால் வைத்தால் பசறை வீதி வளைவுகளில் குலுங்கிக் குறி தப்பிவிடும்.

அன்று பதுளையில் எங்கள் சுடும் கழகத்தின் தெரிவுப் போட்டி. கொழும்பு அணியோடு மோத நால்வரை எடுப்பார்கள். ஆறு வருடங்கள் தொடர்ந்து அந்த நால்வரில் நானும் ஒருவனாக இருந்தேன். போன வருடம் ஐந்தாவதாக வந்தேன். கை பிழைக்கவில்லை, கண் பிழைத்தது. நாற்பத்தாறு வயதில் ரைபிளின் குழல் நுனியிலுள்ள முன்குறி எனக்குப் பஞ்சுபோலத் தெரிந்தது. இந்த வருடம் டெலஸ்கோப் வைத்துச் சுடலாம் என்று கழகம் அனுமதித்தபோது, எனக்காகவே விதியை மாற்றினார்கள் என்று எண்ணினேன். இந்த வருடமும் தவறினால் இளைஞர்களுக்கு வழிவிடச் சொல்வார்கள் என்பதும் தெரியும்.

கொழும்புக் கடையொன்று இரண்டு டெலஸ்கோப்புகளை அனுப்பியிருந்தது. ஒன்று பத்து மடங்கு பெருக்கிக் காட்டும், மற்றது இருபது மடங்கு. பத்து நாளுக்குள் ஒன்றைத் திருப்பி அனுப்பவேண்டும். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில், ஐம்பது யார் தூரம் தள்ளி, ஓர் அட்டையைக் குத்தி, நாளும் மாலையில் ஒவ்வொன்றாலும் ஐந்து குண்டு சுட்டேன். துளைகள் பரவிய அகலத்தை நூல் பிடித்து அளந்து கொப்பியில் எழுதினேன். ஏழு நாளும் இருபதுதான் வென்றது.

ஒரு மாலை மனைவியையும் கூப்பிட்டு இரண்டையும் பார்க்கச் சொன்னேன்.

"சின்னதுக்குள்ளை தேயிலைச் செடியெல்லாம் தெரியுதப்பா. பெரிசுக்குள்ளை கறுப்பு வட்டம் மட்டும்தான்."

"அதுதான் வேணும்."

"பிறகேன் என்னைக் கேக்கிறியள்? ஏற்கெனவே முடிவெடுத்திட்டியள்தானே."

வெள்ளிக்கிழமை பத்து மடங்கை நன்றாகப் பொதிகட்டிப் பசறைத் தபாற் கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

பதுளையில் ஆறு அட்டைகள் வரிசையாக நின்றன. நான்கடிக்கு ஒன்று, மேலே இரண்டடி உயரத்தில் இலக்கம். எனக்கு மூன்றாம் இலக்கம். நான்காவதில் எங்கள் தோட்டத்து டீமேக்கர், தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பை மேற்பார்ப்பவர், முப்பது வயதுக்காரர். டெலஸ்கோப் இல்லாமல் வெறும் இரும்புக் குறியால் சுடுபவர்.

"என்னாங்க ஐயா, பீரங்கியா கொண்டாந்திருக்கீங்க?" என்றார், படுத்துச் சுடும் பாயை விரித்தபடி.

"கண்ணுக்குக் கண்ணாடி போடுறேல்லையோ? இது ரைபிளுக்குக் கண்ணாடி."

"அப்ப எனக்கு இன்னிக்குக் கஷ்டந்தாங்க."

ஆளுக்குப் பத்துக் குண்டு. முதல் ஐந்தும் ஒரு சதக் காசால் மூடக்கூடிய அளவுக்குள் விழுந்தன. வெயில் ஏறியிருந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்து, பாயைச் சரிசெய்து, மறுபடி படுத்தேன். டெலஸ்கோப்புக்குள் கறுப்பு வட்டம், அதில் ஐந்து துளைகள். சற்றுப் பரவியிருந்ததுபோல் பட்டது. கானல் அசைவதால் அப்படித் தெரிகிறது என்று முடிவுசெய்தேன். மீதி ஐந்தையும் சுட்டேன். நான் வாழ்நாளில் சுட்ட ஐந்து குண்டுகளில் அவைதான் சிறந்தவை.

அட்டைகள் வந்தன. என்னுடையதில் ஐந்து துளைகள். டீமேக்கரின் அட்டையில் பதினைந்து.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இருபது மடங்குக்குள் ஓர் அட்டைக்கு மேல் தெரியாது, இலக்கமும் தெரியாது. பாயைச் சரிசெய்தபோது ரைபிள் ஓர் அட்டை தள்ளித் திரும்பிவிட்டது. அந்நேரம் டீமேக்கரும் ஐந்து சுட்டு ஓய்ந்திருந்தார். ஏழு நாளும் நான் சுட்ட மண்மேட்டில் அட்டை ஒன்றே ஒன்று. அங்கே கண்ட துளையெல்லாம் என்னுடையதாகத்தானே இருந்தது.

எந்தத் துளை யாருடையது என்று பிரிக்க முடியாததால், விதிப்படி பதினைந்தில் சிறந்த பத்தை டீமேக்கருக்குக் கணக்கிட்டார் கழகச் செயலாளர். அணியின் நான்காவது இடம் டீமேக்கருக்கு. எனக்கு ஐந்து குண்டு பூச்சியம், கடைசி இடம்.

"நான் கேக்கலீங்க ஐயா," என்றார் டீமேக்கர். முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. "வேணும்னா திரும்பச் சுடச் சொல்லுவோங்க."

"விதி விதிதான்."

"ஆனா ஐயா, எனக்குச் சுட்டது ரொம்ப நல்லாச் சுட்டிருக்கீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். நான் ரைபிளை உறையிலிட்டேன். கொக்கி மூன்று தரம் வழுக்கியது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "எத்தினையாவது?"

சொன்னேன்.

"அந்தப் பொடியன்ரை அட்டையிலையோ?"

"ஓம்."

"அஞ்சும்?"

"அஞ்சும்."

அவள் சோற்றைப் போட்டாள். இன்னுமொன்று கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். சாப்பிட்டுக் கொப்பியை எடுத்தேன். ஏழு நாள் அளவுகளிலும் ஒரு பிழை இல்லை. கூட்டிப் பார்த்தேன், திரும்பவும் கூட்டினேன். எவ்வளவு நெருக்கமாகச் சுடுகிறேன் என்று ஏழு நாள் அளந்தவன், எதைச் சுடுகிறேன் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்க மனம் வந்தது. கிழிக்கவில்லை. அன்றைய முடிவைக் கீழே எழுதி மூடினேன்.

18, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு, தேநீருக்கும் முன்பாக, டோர்ச்சும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போய், நான்கடிக்கு ஒன்றாக ஆறு அட்டைகளைக் குத்தினேன்.