உப்பளத்தில் உடைந்த இசைத்தட்டுகள்

உடைந்த இசைத்தட்டின் விளிம்பு காலைக் கிழித்து, அதில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்பது மரக்காணத்துப் பிள்ளைகளிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். கடல் ஊருக்குள் ஏறி வந்துபோன மறு வருஷத்துக் கோடை அது.

அப்பாவின் தம்பி அருள் சித்தப்பா, வாலிபத்தில் புதுச்சேரியில் ஒரு ராக் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அதிலும் பாதிவரை யாரும் வாயே திறக்காத பாட்டு என்று ஒரே ஒரு தட்டுப் போட்டார்கள். வாங்க ஆளில்லாமல், ஏதோ சிலது போக அதன் பிரதிகள் அவ்வளவும் பெட்டி பெட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாதா கோயில் திருவிழாவில் ஒருமுறை வாசித்தபோது, "ஏம்பா, பாட்டு எப்பதான் வரும்?" என்று கூட்டம் கத்தியதிலிருந்து ஊரில் அவர் பெயரே "வராத பாட்டு" ஆகிவிட்டது. தட்டைப் போட்டுக் கேட்கும் கருவி எங்கள் வீட்டில் கிடையாது.

அன்று மத்தியானம் வானம் கறுத்தது. அப்பா திண்டிவனம் போயிருந்ததால், எங்கள் உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடும் பொறுப்பு சித்தப்பாவுடையது. மூடவும் செய்தார். பிறகு வீட்டுக் கூரை ஒழுகுமே என்ற நினைப்பு வந்து, அம்பாரத்துக்குக் கீற்று போதுமென்று அதே தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடிவந்து பெட்டிகளைப் போர்த்தினார். காற்று கீற்றைத் தூக்கிப் போனது. எங்கள் அரை வருஷச் சோறு வாய்க்காலில் கரைந்து ஓடியது.

திரும்பி வந்த அப்பா பெட்டிகளை அளத்துக்கே இழுத்துப் போய் உப்பு வாரும் பலகையால் தட்டுகளை உடைக்கத் தொடங்கினார். "அண்ணா, என்னை அடி, அத உட்டுடு!" என்று சித்தப்பா அவற்றின்மேல் விழுந்து மறைத்தார். பலகை தோளில் இறங்கியது, அடுத்தது காதில். ரத்தம் வழிய எழுந்தவர், உடைந்த தட்டொன்றை எடுத்து அப்பாவின் முன்கையைக் கிழித்தார். நடுவில் ஓடிய நான் காலை வெட்டிக்கொண்டேன். "அடிச்சிக்கினு சாவுங்க ரெண்டு பேரும்!" என்று அம்மா அலறினாள். அப்பா நிறுத்தவில்லை, கடைசித் தட்டுவரை உடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். "இனிமே என் வாசப்படி மிதிச்ச, வெட்டிப் போட்டுடுவேன்" என்றார்.

சித்தப்பா புதுச்சேரிப் பக்கம் இரும்பை என்ற ஊரில் போய்த் தங்கினார். அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை. அவர் சாவுக்கும் அப்பா போகவில்லை. அதற்காக அப்பாவை நான் வெகுகாலம் வெறுத்தேன்.

இன்று அளமும் எங்களிடம் இல்லை. அந்தத் தட்டைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் அலைகிறார்களாம். ஏன் இத்தனை அரிதாகிப்போனது என்று தெரியவில்லையாம். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்ததைப் போன மாதம் போனில் போட்டேன். முதல் தடவையாக அந்தத் தட்டை நானும் அப்பாவும் கேட்டோம். இரண்டு மூன்று கிடார்கள் பின்னிக்கொண்டு ஓட, அப்பா முன்கைத் தழும்பைத் தேய்த்தபடி, பாட்டு வரும்வரை அசையாமல் இருந்தார்.

"இதுல நம்ம அருளு வாசிக்கிறது எதும்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆளை அவர்தான் அடித்துத் துரத்தியிருந்தார்.