ஏர்கோன் எவ்வளவு எண்ணெய் தின்னும்

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆயிரத்து இருநூறு சிசி கார் இருந்தது. ஏர்கோன் பிறகு பொருத்தியது. பொத்தானைத் தட்டினால் 'டக்' என்று கம்ப்ரஸர் பிடிக்கும். இன்ஜின் ஒரு கணம் திணறி, பிறகு சமாளிக்கும். மேட்டில் லோரியை முந்த வேண்டுமானால் ஏர்கோனை அடைத்தே ஆகவேண்டும். இன்ஜின் பலத்தை பெல்ட் வழியாக அது உறிஞ்சிவிடுகிறது என்று கார் பத்திரிகையில் படித்திருந்தேன். அப்படியானால் எவ்வளவு பெட்ரோல் எண்ணெய் கூடுதலாகத் தின்னும்? அளந்து பார்த்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி.

முதல் நாள் எண்ணெய் டாங்கியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, ஏர்கோனோடு ஷா ஆலம் போய் வந்தேன். மறுநாள் டாங்கியை மறுபடி விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, ஏர்கோன் இல்லாமல் அதே பாதை. அன்று அக்காவும் கூட வந்தாள். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் கிராணி வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஒரு வருஷமாக மனுப் போட்டதில் அவளுக்கு வந்த முதல் அழைப்பு.

கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொன்னேன். திறந்திருந்தால் காற்றுத் தடை கூடி, கணக்குக் கெட்டுவிடுமாம். அதுவும் பத்திரிகையில் படித்ததுதான்.

ஃபெடரல் ஹைவேயில் ஜாம். கார் அசையவில்லை. அக்காவின் பவுடர் கோடு கோடாக வழிந்தது. இருக்கையின் ரெக்சின் சுட்டு, பழைய செருப்பு நாற்றம் அடித்தது.

"டேய், கண்ணாடிய இறக்கப்போறேன். மூச்சு முட்டுது."

"டெஸ்ட் கெட்டுடும்க்கா. கொஞ்சம் பொறு லா."

"நிக்கிற காருக்கு எந்தக் காத்துடா தடை? லூசு!"

அவள் சொன்னது சரி. அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும், கைப்பிடியைத் திருகப்போன அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் காலையில் தின்ற நாசி லெமாக் சோறு முழுவதும் அவள் மடியில், சான்றிதழ் ஃபைலின் மேல். தேங்காய்ப்பாலும் நெத்திலியும் புளித்துக் கலந்த அந்த நாற்றம் இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

தொழிற்சாலை வாசலில் காவலாளியின் குழாயில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"கதவத் திறந்து வச்சிட்டு ரெண்டே கேள்வி கேட்டான் அந்த ஆளு. ஃபைலத் தொடவே இல்ல. நீ போ. நான் பஸ்ல வரேன்."

அவளைத் தடுக்கவில்லை. ஏர்கோனையும் போடவில்லை, கண்ணாடியையும் இறக்கவில்லை. இறக்கினால் திரும்பும் வழிக் கணக்குக் கெட்டுவிடுமே. அந்த வாந்தியோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஓட்டிவந்து, டாங்கியை நிரப்ப நிறுத்தினேன்.

எண்ணெய் அடிக்கும் அண்ணன் குனிந்து உள்ளே பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஐயே! யாரு தம்பி வாந்தி எடுத்தது?"

"அக்கா."

"அவங்க எங்க இப்ப?"

நான் பம்பில் லிட்டர் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.