துணி மாற்றும் அறையில் சி ஷிப்ட்

காலை 9.10. சென்னையிலிருந்து வந்து பண்ருட்டியில் மாறி ஏறிய நெய்வேலிப் பேருந்து கிளம்பியபோது என் சட்டை வெள்ளையாக இருந்தது. காடாம்புலியூரில் ஜன்னல் வழியே இருபது ரூபாய்க்குப் பலாச்சுளை வாங்கினேன். முத்தாண்டிக்குப்பம் வருவதற்குள் அதில் பாதி என் மார்பில் இருந்தது. இருபுறமும் முந்திரித் தோப்புகள் மிதந்து போயின. அரைத் தூக்கத்தில், மாலை நான்கு மணிக்கு நெய்வேலிப் படிப்பு வட்டத்தில் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். தலைப்பு: 'கடை ஊழியரும் உபரி உழைப்பும்'. முப்பது வருடமாக மார்க்சியம் படிக்கிறேன். வீட்டில் இதுவரை ஒரு தட்டுக் கழுவியதில்லை.

10.25. ஆர்ச் கேட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். மரங்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சாலை பச்சைத் தண்ணீர்போல் இருந்தது. ஓட்டுநர் ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை.

“குவார்ட்டர்ஸ்ல எப்பவும் யாராவது நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கினு இருப்பாங்க சார். அடிச்சா எங்க மாமனாரே திட்டுவாரு.”

எந்த நேரத்திலும் ஒரு பகுதி உறங்கிக்கொண்டிருக்கும் ஊர். மீதிப்பேர் அந்த உறக்கத்துக்குள் மெதுவாக நடமாடுவதாக எனக்குத் தோன்றியது.

பிற்பகல் 2.15. நண்பர் வீட்டுச் சாப்பாடும் குட்டித் தூக்கமும் முடிந்து, கறைச் சட்டையோடு மேடையேறக் கூசி, கடைவீதியில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். குளிர்ந்த காற்று, எங்கோ வீணை. ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது அல்லவா, ஆண்கள் பிரிவிலும் ஒரு நாற்காலி இருந்தது. அதில் கோட்டு போட்ட பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது.

தனம் என்று பெயர்ப் பட்டை குத்திய பெண் சட்டை எடுத்துத் தந்தார், 899 ரூபாய். போட்டுப் பார்க்க ஒரே ஓர் அறை. அது உள்ளே தாழிட்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். பிறகு அந்த வழியாக வந்த கழுத்துப்பட்டைக்காரரிடம், மேற்பார்வையாளர் பாஸ்கரிடம், பணிவாகத்தான் சொன்னேன்:

“ரூம் ரொம்ப நேரமா திறக்கவே இல்ல, சார்.”

“சாரி சார். சாவி எடுத்துட்டு வரேன்.”

அவர் போனதும் தனம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் வேறு.

“உள்ள கலைச்செல்வி உக்காந்துனு இருக்கா சார். ஒம்பதரைலேர்ந்து நிக்கிறோம். ஆளுக்குப் பத்து நிமிஷம், ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். அவ வூட்டுக்காரரு மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு லேபரு, அவரு போட்டுக் குடுத்த முறை. மாத்தி வுட ரிலீவர் வராம யாரும் எடத்த வுட்டுப் போவக்கூடாது. அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் நான்தான். உங்களுக்குச் சட்டை காட்டினதுல லேட்டு.”

“மாட்டினா?”

“போன மாசம் ஒருத்தி சுவத்துல சாஞ்சதுக்கே அனுப்பிட்டாங்க. கலைக்கு ரெண்டு புள்ளைங்க சார்.”

அன்று மாலை இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பேசப் போகிறேன் என்பது எனக்கு நினைவில் இருந்தது. கலைச்செல்வியைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

பாஸ்கர் சாவியோடு வந்தார். என்னிடம் இருந்த ஒரே அதிகாரம் வாடிக்கையாளன் என்பது. அதை எடுத்தேன்.

“இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. நீங்களே காட்டுங்க. எல்லாத்தையும்.”

தனம் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்கர் சாவியைப் பையில் போட்டுவிட்டுச் சட்டைகளை விரித்தார். நீலம், இளநீலம், நீலமென்று சொல்லத் தகாதது. சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றி அகற்றி நிலக்கரிக்குப் போகிறார்கள். இங்கே முகத்தைத் தோண்டிப் புன்னகை எடுக்கிறார்கள். பாஸ்கரின் சுரங்கம் பத்தொன்பதாவது சட்டையில் தீர்ந்துபோனது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றார். சுரண்டும் கூட்டத்தில் அவரையும் சேர்த்து வைத்திருந்தேன். அவருக்கும் நாற்காலி கிடையாது.

இருபத்து மூன்றாவது சட்டையின்போது கதவு திறந்தது. மடித்த கால்சட்டைகளை மார்போடு அணைத்தபடி கலைச்செல்வி வெளியே வந்தார். ஒரு செருப்பு காலில், மற்றது கை இடுக்கில். உள்ளே கவிழ்த்துப் போட்ட அட்டைப் பெட்டி தெரிந்தது, நடுவில் அமுங்கி.

பாஸ்கர் பெட்டியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அந்த நேரத்துக்கு வீணையும் நின்றுபோயிருந்தது.

“நீங்களும் காலைலேர்ந்து நின்னுகினேதான் இருக்கீங்க, சார்,” என்றார் கலைச்செல்வி. “சி ஷிப்டு காலியாத்தான் இருக்குங்க.”

பாஸ்கர் கூரையிலிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தார். பிறகு கலைச்செல்வியின் கையிலிருந்து ஒரு கால்சட்டையை வாங்கி, “இதுல தையல் சரியான்னு பாக்கணும்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். தாழ் விழுந்தது.

தனம் என்னிடம், “ஒண்ணும் தெரியாதவ சொல்றேன் சார். நாங்க இங்க நின்னா கேமராவுல பாத்துட்டுக் கேப்பாங்க. நீங்க நில்லுங்க,” என்றார்.

மணி 3.35. கூட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம். கதவுக்கு முன்னால் நின்றேன். சென்னையில் எத்தனையோ கடைகளில் இப்படிக் கதவு தட்டியிருக்கிறேன், அங்கெல்லாம் உள்ளே யார் இருந்தார்களோ. பாதத்தில் இனம்தெரியாத வலி ஒன்று மெல்ல ஏறியது.

சுரங்கச் சீருடையில், கையில் ஒரு கால்சட்டையோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார்.

“உள்ள ஆள் இருக்காங்களா?”

“இருக்காங்க. ரிலீவர் இன்னும் வரலைங்க.”

என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தூரத்தில் சிரித்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தார். கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவின் மறுபக்கத்தில் எனக்கு இணையாக வந்து நின்றார்.

“உங்களுக்கு நேரமாச்சுன்னா கெளம்புங்க,” என்றார். “நான் பாத்துக்கறேன்.”