ஷிஹானாவின் பதினொரு நோன்பு

எனக்கு வாய் நீளம். பதுளை பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்கள் விலையை என் கணவர் லிங்கத்திடம் கேட்பார்கள், ஊர்க்கதையை என்னிடம் கேட்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் வாய்க்குள் வைத்திருந்தேன் என்றால், அது பக்கத்துக் கடை ஸுலைஹா ராத்தாவின் விஷயமாக இருந்ததால்தான்.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அவர் ராத்தாதான். ஊசி, நூல், பொத்தான், எலாஸ்டிக், பள்ளிக்கூட வெள்ளைத்துணி விற்கிற சின்னக் கடை அவருடையது. கடைக்குப் பின்னால் வீடு. எங்களுக்கும் அப்படித்தான். இரண்டு குசினிக்கும் நடுவே ஒரு முற்றம், அதில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். என் வீட்டில் என்ன தாளிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும், அவர் வீட்டில் எப்போது தேத்தண்ணி கொதிக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ராத்தாவின் கணவர் ஸலீம் நானா மாரடைப்பில் போனபோது மகள் ஷிஹானாவுக்குப் பால்பல் கூட விழவில்லை. அந்தக் கடையை வைத்துக்கொண்டுதான் ராத்தா அவளைப் படிக்க வைத்தார். அவருடைய வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத்துப் பெண்கள் பஸ் ஏறி வந்து பிள்ளைகளுக்குத் துணி கேட்டால், அளந்த பிறகு இரண்டு விரல் தள்ளித்தான் கத்தரிக்கோலை வைப்பார்.

"இப்படி வெட்டினா கடை உருப்பட்ட மாதிரித்தான் ராத்தா" என்பேன்.

"புள்ள வளரும்தானே தங்கச்சி. உள்ளுக்கு மடிச்சுத் தெச்சு வெச்சா அடுத்த வருஷம் அவுத்து உடலாம்."

ஷிஹானா படித்து டீச்சர் ஆனாள். பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏற வேண்டும். சாயந்தரம் களைத்துப்போய் வருவாள், வந்ததும் வராததுமாகக் குசினிக்குப் போய்ப் பால்மா டின்னைத் திறப்பாள். தண்ணீர் விடாமல், சீனியும் பால்மாவும் கலந்து அப்படியே தின்பது சின்ன வயதிலிருந்து அவளுக்கு உயிர். "டீச்சரம்மா, பிள்ளைகள் பார்த்தா சிரிக்கப் போறாங்க" என்று நான் சீண்டுவேன். ராத்தா முதலில் ஏசுவார், பிறகு டின்னைப் பிடுங்கி, தானே ஒரு கரண்டி கலந்து, "வாயைத் திற மகள்" என்று ஊட்டி விடுவார். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு!

போன வருஷம் அவளுக்கு டெங்கு வந்தது. ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கதை அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தொடங்கியது. நோன்பு மாதத்தில் பெண்களுக்கு மாதத்தூரம் வந்தால் அந்த நாள்களில் நோன்பு கிடையாது, பிறகு வேறு நாள்களில் அதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். களா நோன்பு என்பார்கள். அந்த வருஷம் ஷிஹானாவுக்கு அப்படியும் சில விடுபட்டிருந்தன, மலையேறி மயங்கி விழுந்து விட்டவையும் சில. "களாவப் பிடிச்சு முடி மகள்" என்று ராத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். "ஸ்கூல் லீவு வரட்டும் உம்மா" என்று அவள் தள்ளிக்கொண்டே வந்தாள். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை? காய்ச்சல் உச்சியில் இருந்தபோது, நானும் கட்டில் பக்கத்தில் நின்றேன், அவள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உம்மா, என்ட நோன்பு பதினொண்டு கிடக்கு. எனக்கு ஏதும் ஆனா நீங்க பிடிச்சுத் தாங்க."

"சும்மா இரி. நீயே எழும்பி வந்து பிடிப்பாய்" என்று ராத்தா அதட்டினார். அதற்குப் பிறகு அவள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை.

இறந்தவர் விட்டுப்போன நோன்பை உறவுக்காரர் பிடித்துக் கொடுக்கலாமாம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு ராத்தா தொடங்கிவிட்டார். திங்களும் வியாழனும் நோன்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாடு, பிறகு பொழுது சாயும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் கூட இல்லை. அந்த நாள்களில் அவர் முன்னால் நான் தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை பகல். நோன்பு திறக்கும்போது சாறு பிழிந்து கரைத்துக் குடிக்கட்டும் என்று இரண்டு தேசிக்காயை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன். குசினிக் கதவு திறந்து கிடந்தது. ராத்தா அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, பால்மாவில் சீனியைப் போட்டுக் கலந்துகொண்டிருந்தார். உதடெல்லாம் வெள்ளை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவருக்காக நான் ஒளித்து ஒளித்துத் தேத்தண்ணி குடிக்கிறேன், இவர் என்னடா என்றால் பட்டப்பகலில் குசினிக்குள் ஒளித்துத் தின்கிறார்! ஒரு பிடி பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் கரண்டியை முன்னால் நீட்டினார். அங்கே யாரும் இல்லை.

"வாயைத் திற மகள்."

குரல் பழைய குரல். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கரண்டியை அப்படியே பிடித்திருந்துவிட்டு, தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு கரண்டி நீட்டினார், பிறகு அதையும் தானே தின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மகள் போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. டின்னை மூடிவிட்டு, என்னை உரசிக்கொண்டு நடந்துபோய்ப் பாயில் படுத்துக்கொண்டார்.

தூக்கத்தில் நடப்பவரை உலுக்கி எழுப்பக் கூடாது என்பார்கள். அதற்காக மட்டும் நான் பேசாமல் நிற்கவில்லை. அந்த முகத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் பக்கத்திலேயே இருந்தேன். அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு எழுந்தவர் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"இண்டைக்கும் முறிஞ்சிட்டு தங்கச்சி."

"எது ராத்தா?"

"நோன்பு. நான் தூக்கத்தில எழும்பித் திங்கிறேன். எனக்குத் தெரிய இல்ல. முழிச்சா வாயெல்லாம் இனிப்பு. பிடிக்கப் பிடிக்க முறியுது. பதினொண்டுல ஒண்டு கூடக் குறைய இல்ல. அவ அங்க என்னப் பாத்துக்கொண்டு இரிப்பாளே."

பெற்ற மகளின் நோன்பைத் தன் வயிறே தின்றுவிடுகிறது என்று இந்த மனுஷி நம்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால், ஜின் பிடித்திருக்கிறது என்று தண்ணீர் ஓதிக் கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் ஒளித்துத் தின்றுவிட்டுக் கதை கட்டுகிறாள் என்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கரண்டியை நீட்டுவதையும் மகளைக் கூப்பிடுவதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சாப்பிட்டது தெரிந்ததற்கே இப்படி உடைந்துபோகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

இரண்டு பேருமாக என்னென்னவோ செய்து பார்த்தோம். கடையில் இருந்த எலாஸ்டிக்கை எடுத்துக் குசினிக் கதவுக் கொண்டியில் சுற்றிக் கட்டினார். தூக்கத்தில் அதை அழகாக அவிழ்த்தார். பால்மா டின்னை நான் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். அன்றைக்குப் பச்சை அரிசியை அள்ளி, உள்ளங்கையில் வைத்து நீட்டிவிட்டுத் தின்றார். டின்னே பரவாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பகலில் படுக்காமல் இருந்து பார்த்தார். இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை என்றால் உடம்பு என்ன செய்யும்? கடைக் கதிரையில் சாய்ந்தபடியே கண் சொருகும், சொருகியதும் கால் எழும்பிக் குசினிக்கு நடக்கும். வயிற்று வலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, டிஸ்பென்சரி டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். கவலையில் சில பேருக்கு இப்படி ஆகும், தூக்க மாத்திரையாலும் ஆகும் என்று, மகள் போன பிறகு ராத்தா போட்டுவந்த மாத்திரையை நிறுத்தினார். நடை நிற்கவில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பங்கு பிரிக்கிற இடத்தில் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல வருவதில்லை.

மழைக்காலம் போய், பனிக்காலம் வந்தது. ராத்தா பாதியாக இளைத்துவிட்டார். முறிந்துவிட்டது, முறிந்துவிட்டது என்று திங்களும் வியாழனும் மறுபடி மறுபடி பிடித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குத் துணி வெட்டும்போது நின்றபடியே கண் அயர்ந்து, கத்தரிக்கோல் விரலைப் பதம் பார்த்துவிட்டது. இரத்தத்தைக் கண்டதும் என் சத்தியம் காற்றில் போனது. நேரே பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற ஜெனீரா டீச்சரின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஜெனீரா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! இத ஏன் ஒரு வார்த்த கேக்க இல்ல?" என்றார். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமும் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயந்தரம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் ராத்தா வீட்டுக்குப் போனோம். நான் ஒரு கிண்ணத்தில் கேசரி கூடக் கொண்டுபோனேன்.

"ராத்தா, தூங்குற ஆள் கண் முழிக்கும் வரைக்கும் அவருட கணக்குல ஒண்டும் எழுதப்படாது" என்றார் ஜெனீரா டீச்சர். "மறந்து சாப்பிட்டாலே நோன்பு முறியாது. தூக்கத்தில சாப்பிட்டது எப்படி முறிக்கும்? ஹஸ்ரத்தும் அதத்தான் சென்னாங்க. உங்கட நோன்பு எல்லாம் கூடியிரிக்கு. ஷிஹானாட பதினொண்டும் எப்பவோ முடிஞ்சிட்டு. அதுக்கு மேலயும் எவ்வளவோ பிடிச்சிட்டீங்க."

ராத்தா சிரிப்பார், அழுவார், எங்களைக் கட்டிப் பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிய அன்றைக்கு இருந்த அதே முகம்.

"முடிஞ்சிட்டா?"

"ஓ ராத்தா, முடிஞ்சிட்டு. அவட கடமை ஒண்டும் மிச்சமில்ல."

"அப்ப, இனி அவளுக்கு என்னால ஆக வேண்டியது ஒண்டும் இல்லையா?"

ஜெனீரா டீச்சர் பதறிப்போனார். "ஏன் இல்ல? துஆ செய்ங்க, ஏழைகளுக்கு ஸதகா குடுங்க, நன்மையெல்லாம் அவளுக்குப் போகும்" என்றார்.

ராத்தா இல்லை என்று தலையை ஆட்டினார். "அதெல்லாம் நானாக் குடுக்கிறது புள்ள. இது அவ வாய் திறந்து எங்கிட்டக் கேட்டது. அவ கேட்டதுல மிச்சம் இருந்தது இது ஒண்டுதான்."

கேசரிக் கிண்ணம் என் கையிலேயே ஆறியது. நல்ல செய்தி என்று நாங்கள் கொண்டுபோனது ஷிஹானாவின் இரண்டாவது சாவுச் செய்தி போல அந்த வீட்டுக்குள் கிடந்தது. அன்று நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

வியாழக்கிழமை வந்தது. வழக்கமாக நோன்பாக இருக்கிற நாள். பகலுக்குச் சோறும் பருப்பும் கொண்டுபோய் வைத்தேன். ராத்தா மறுக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு பிடியாக, மருந்து விழுங்குவது போல விழுங்கினார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"தங்கச்சி, நீங்க பாத்தீங்கதானே. நான் தூக்கத்தில என்ன செய்வேன்?"

இனி மறைத்து என்ன? சொன்னேன். பால்மாவில் சீனி கலந்ததை, கரண்டியை நீட்டியதை, "வாயைத் திற மகள்" என்றதை, முகத்தில் இருந்த சந்தோஷத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"திறந்தாளா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன ராத்தா?"

"வாயத் திறந்தாளா அவ?"

"திறந்தா ராத்தா" என்றேன்.

அவ்வளவுதான். அவர் எழுந்து கடையைத் திறக்கப் போனார், நான் என் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது ராத்தாவுக்கு உடம்பு தேறிவிட்டது. கடை நடக்கிறது, துணியை இன்னும் இரண்டு விரல் கூட்டித்தான் வெட்டுகிறார். குசினிக் கதவை அவர் பூட்டுவதில்லை. படுக்கப் போகுமுன் பால்மா டின்னைத் திறந்து, பக்கத்தில் சீனிப் போத்தலை வைத்து, கரண்டியை டின்னின் மேல் குறுக்கே வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். விடிந்ததும் முதலில் போய் அதைத்தான் பார்க்கிறார். தண்ணீர் பிடிக்க முற்றத்துக்கு வரும்போது நானும் எட்டிப் பார்க்கிறேன். கரண்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது.