பூவரசனின் பதிவு மூப்பு

படவேட்டுப் பூவரசனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆசிரியர் பயிற்சி முடித்ததிலிருந்து அரசு வேலைக்குக் காத்திருக்கிறான். காத்திருப்பதையே ஒரு உத்தியோகமாகப் பார்த்தான் என்றாலும் தப்பில்லை.

அரசு அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பள்ளியில் சோறு போட்டது, விடுதியில் தங்க வைத்தது, பயிற்சிக் கட்டணத்தையும் தானே கட்டியது. வேலை மட்டும் தரவில்லை. அது இல்லாததற்காகச் சில வருடம் உதவித்தொகை தந்தது. இவ்வளவு கொட்டிய கஜானாவுக்கு அவனிடமிருந்து திரும்பி வந்தது, சோப்பு வாங்கும்போது கட்டிய வரிதான். பாடம் நடத்தத் தெரிந்தவன் ஒரு பிள்ளைக்கும் பாடம் நடத்தவில்லை. இந்த நஷ்டம் நம் எல்லார் தலையிலும்தான் விடிந்தது.

உதவித்தொகை வாங்கிய காலத்தில், வேறெங்கும் வேலை செய்யவில்லை என்று வருடாவருடம் எழுதிக் கொடுக்க வேண்டும். தொகை நின்ற பிறகும் அந்தப் பயம் மட்டும் ஒட்டிக்கொண்டது. கூலிக்குப் போனாலே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு மூப்பு போய்விடும் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டான். தங்கை இளவரசி ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாள், போகவில்லை. ஊரார் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கூப்பிட்டார்கள். எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டான். நாளடைவில் யாரும் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

ரேஷன் அரிசியிலும் அம்மாவின் முதியோர் பென்ஷனிலும் காலம் ஓடியது. போன வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரலே இல்லை. டீக்கடையில் ‘ஒரு டீ’ என்று கேட்பதோடு அவனுடைய அன்றைய பேச்சு முடிந்துவிடும். நினைத்தால் பாவமாக இருக்கிறது, கோபமும் வருகிறது.

போன மாதம் பதிவைப் புதுப்பிக்கத் திருவண்ணாமலை போனவன், மூப்பு கெடாமல் கொஞ்ச நாள் கூலிக்குப் போக வழி உண்டா என்று அங்கிருந்த அலுவலர் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இன்னா சார், யார் சொன்னாங்க உங்களுக்கு? நீங்க எந்தக் கூலிக்குப் போனாலும் பதிவு அது பாட்டுக்கு இருக்கும்.”

இத்தனை வருடம் வீணாய்ப் போனது பூவரசனுக்கு அப்போதுதான் உறைத்தது. இதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து இளவரசிக்குப் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கரும்புத் தோட்டத்துக்குப் போய், வெட்டு ஆட்களின் மேஸ்திரி சிங்காரத்திடம் தானும் வரட்டுமா என்று கேட்டான். சிங்காரம் கேலி பேசுகிற ஆள் இல்லை. மனதில் பட்டதைத்தான் சொன்னார்.

“நீ எதுக்குப்பா வெயில்ல கஷ்டப்படற? உன்னத்தான் கவர்மென்ட்டே வூட்ல வெச்சி சோறு போடுதே.”

அந்தத் தொகை நின்று பல வருடமாகிவிட்டது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவன் யாரிடம் சொல்லியிருப்பான்?