ஊர் இல்லாத விலாசத்தின் வரலாறு

என் தங்கையைப் பெண் கேட்டு வந்தவருக்குச் சொந்த ஊர் பங்காருபேட்டை. ரயில்வே குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச். குறை சொல்ல ஒன்றுமில்லை, விலாசத்தைத் தவிர. கடற்படையில் இருந்தார். பெயர், ஒரு நம்பர், இன்னொரு நம்பர், கடற்படைத் தபால் நிலையம். அவ்வளவுதான், ஊர் கிடையாது.

"ஊரு இல்லாத அட்ரஸ்ஸு இன்னாடா அட்ரஸ்ஸு?" என்றார் அப்பா. "நாளைக்கு இவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு தந்தி வந்தா நான் எந்த ரயில்ல ஏற்றது?"

அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கேஜ் என்பது ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. அவர் எந்திரத்தோடு மேலே இருப்பார். கீழேயிருந்து மணி அடிப்பார்கள், எண்ணிக்கையைக் கேட்டு இவர் இறக்குவார், ஏற்றுவார், நிறுத்துவார். ஏறி வந்த கேஜிலிருந்து சில நாள் ஆள் நடந்து இறங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். கீழே வேலை செய்கிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

எனவே பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் ஊர்க் கேள்வியைக் கேட்டுவிட்டார்: "வேலை சர்ஃபேஸா, அண்டர்கிரவுண்டா?"

கடற்படைக்காரர் உண்மையாகவே யோசித்தார். "ரெண்டும் இல்லீங்க."

"அப்போ?"

"அதுக்கு மேல சொல்லக்கூடாதுங்க."

லீவு முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பதில் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பிவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார். "எப்பப் பாத்தாலும் படிச்சிக்கினுதான கீற? அது இன்னா எடம்னு கண்டுபுடி."

பெரிய எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் குமாஸ்தா. அதுவரை என் படிப்பால் வீட்டுக்கு ஆன நன்மை, பழைய பேப்பர் எடை கூடியது மட்டும். இப்போது வாய்ப்பு வந்தது. நூலகத்தில் உட்கார்ந்து கடற்படை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவர் இருந்த முகாமைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. ஒரு வரி கூட இல்லாததையே பலமான ஆதாரமாகக் கொண்டு வரலாற்றை எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்தில் பாறைமேல் கோட்டை, இரண்டாவதில் ரகசியச் சுரங்கப்பாதை. கடலை நான் மெட்ராஸில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், ஆகவே அலைகளை விரிவாக வர்ணித்தேன்.

தங்கை நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவும், இத அப்பாகிட்டக் காட்டாத. கல்யாணமே நின்னுடும்."

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"இல்லன்னா நீ எழுதறத ஏன் படிக்கிறேன்?"

லீவின் கடைசி ஞாயிறு அவர் பதில் கேட்க வந்தார். நோட்டை அவரிடமே நீட்டினேன். பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தார். எது தப்பு என்று சொன்னாலும் எது சரி என்று தெரிந்துவிடும், அதனால் அதுவும் சொல்லக்கூடாது. "நல்லா எழுதிக்கீறீங்கண்ணா" என்றார். குறை சொல்ல மேலிடத் தடையுள்ள வாசகர் அதற்குப் பிறகு எனக்கு அமையவே இல்லை.

அவருக்குக் காபி போட வேண்டும். தண்ணீர் சேந்தப் போனவன் நான். கயிறு என் கையில் மிஞ்சியது, பித்தளைக் குடம் கிணற்றுக்குள் போய்விட்டது. அம்மாவின் சீர்க் குடம். முடிச்சு நான் போட்டது. கடற்படைக்காரர் அவிழ்ந்த நுனியை எடுத்துப் பார்த்தார், அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி, கயிற்றை இடுப்பில் தானே கட்டி, மறுமுனையை அப்பாவிடம் கொடுத்தார்.

"நாலு வாட்டி இழுத்தா தூக்குங்க மாமா."

"நாலா? எங்க ஷாஃப்டுல ஆள் ஏறணும்னா மூணு."

"எங்களுக்கு நாலுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா அவரை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழிகள் வந்தன, பிறகு அவையும் நின்றன. தங்கை என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், அது தன் கை என்று நினைத்து. "தூக்கிடலாம்பா!" என்று கத்தினேன். "சும்மா இர்றா, மணி வரல" என்றார் அப்பா. கிணற்றைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்திருந்தார்.

கயிறு ஆடியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். மூன்றில் அவர் கை தானாகத் துடித்தது, அடக்கிக்கொண்டார். "நாலு!" நானும் அவரும் சேர்ந்து இழுத்தோம். குடத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி மேலே வந்தார் மாப்பிள்ளை.

அப்பா துண்டைக் கொடுத்தார். "அங்கயும் மேல கயித்தப் புடிச்சிக்கினு ஒருத்தன் நிக்கிறானா?"

மாப்பிள்ளை ஆமென்று தலையை மட்டும் லேசாக ஆட்டினார்.

"நல்லா முழிச்சிக்கினு நிக்கிறவனா?"

மறுபடியும் ஆட்டினார்.

"அப்போ சரி. அந்த ஆள கல்யாணத்துக்குக் கூட்டிக்கினு வா. பாக்கணும்." அப்பா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "காபிக்குச் சக்கர தூக்கலாப் போடும்மா!"

அன்றே வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து அவரிடம் காட்டினேன்: 'நான்கு இழுப்பு என்றால், மேலே தூக்கு.' கிளம்பும்போது மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, கோச்சிக்காதீங்க. அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடுங்க."

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் இருக்கட்டும்ணா. ஒரு ஆபத்தும் இல்ல."