துப்பாக்கிப் பட்டறையில் ஒரு கற்பூர டப்பா

இதை எழுத உட்கார்ந்து, இரண்டு வரியோடு எழுந்து போன வருஷங்கள் பல. காரணம் கூச்சம்தான். கோயிலில் யாராவது, "அங்கிள், நீங்க எங்க வொர்க் பண்றீங்க?" என்று கேட்டால், "மெஷின் ஷாப்ல தம்பி" என்பேன். பொய் இல்லை. என்ன செய்கிற மெஷின் ஷாப் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பிரசாதத் தொன்னையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

நான் வேலை பார்த்தது துப்பாக்கி செய்யும் கம்பெனியில். முருகா, எழுதிவிட்டேன்.

இப்போது லேத், மில்லிங் வேலைக்கு நம் பிள்ளைகள் சிலர் இங்கே டெக்சாஸில் வருகிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் இருந்தேன். மகள் டாலஸில் குடியேறி எங்களுக்கு கிரீன் கார்டு எடுத்தாள். நானும் என் மனைவி செல்வியும் வந்தோம். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

டாலஸிலிருந்து ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். பெட்ரோல் பங்க், சர்ச், எங்கள் பட்டறை, அவ்வளவுதான். முதலாளி பெயர் வெய்ன். தொப்பியைக் கழற்றாமல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அங்கே பேசினது எல்லாம் இங்கிலீஷ்தான். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் போடுகிறேன்.

"அரம் பிடிச்ச கை. உன் பேர் என்ன?"

"பழனிச்சாமி, சார்."

"அது என் வாயில நுழையாது. பால்னு கூப்பிடறேன். என்னை சார்னு கூப்பிடாதே, எங்கப்பாவைத்தான் சார்னு கூப்பிடுவாங்க, அவர் செத்துட்டார்னு ஞாபகம் வருது."

அங்கே செய்தது பழைய காலத்து மாடல். லீவரைக் கீழே இழுத்தால் பிளாக் என்ற இரும்புக் கட்டி இறங்கி வழி விடும். ஒரே ஒரு தோட்டா போடலாம். லீவரைத் தூக்கினால் பிளாக் ஏறி அடைத்துக்கொள்ளும். சுட்டபின் மறுபடி முதலிலிருந்து. அந்த பிளாக் ஏறி இறங்கும் வழியில் ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. சரியாக உட்கார்ந்தால் 'டுக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஜனங்கள் அந்தத் துப்பாக்கியை வாங்கினார்கள் என்பார் வெய்ன். அதைக் கொண்டுவருவது என் டேபிள் வேலை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். சாதம் போட்ட கை அப்படியே நின்றது.

"ஏனுங்க, அது யாரைச் சுடறதுக்குங்க?"

"மான் வேட்டைக்கு. அப்புறம் பலகையில குறி வெச்சு விளையாட."

"ஒரு தடவைக்கு ஒரே குண்டுதானுங்களா?"

"ஆமா."

"அப்பச் சரி. இவுங்க அடுத்த குண்டைத் தேடறதுக்குள்ள மானு ஓடிப் போயிரும். போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்து. ஆயுதத்துக்கே பூஜை போடுகிற நாம் இதற்கு மேல் என்ன பேசுவது என்று நானும் விட்டுவிட்டேன்.

புகை

இரண்டு இரும்பு எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க புளூ என்கிற நீல மையைத் தடவுவார்கள். பம்ப்செட் கம்பெனியிலும் அதுதான். ஆனால் இந்த பிளாக்குக்கு புளூ கனம் அதிகம், எல்லா இடத்திலும் அப்பிக்கொண்டு பொய் சொல்லும். அதனால் வெய்ன் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் பிளாக்கைக் காட்டிக் கரி படிய வைப்பார். உள்ளே தள்ளி எடுத்தால் கரி அழிந்த இடம்தான் மேடு. அந்த இடத்தை மட்டும் கல்லால் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெய்க் கரி எனக்குத் திட்டுத்திட்டாகப் படிந்தது, இருமலும் வந்தது.

ஒரு ஆயுத பூஜைக்கு வீட்டில் தீபாராதனை காட்டிவிட்டு, தட்டின் விளிம்பில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டேன். பவுடர் மாதிரி, அவ்வளவு மெல்லிசு. மறுநாள் பூஜை டப்பாவிலிருந்து இரண்டு கற்பூரக் கட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். செல்வி பார்த்துவிட்டாள்.

"சாமிக்குக் காட்டறதைப் போயி துப்பாக்கிக்குக் காட்டோணுமா? நல்லா இருக்குதுங்க உங்க பக்தி!"

"வேலையும் சாமிதானே செல்வி."

"அந்தப் பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. சாமி டப்பாவைத் தொடாதீங்க. தொழிலுக்குத் தனியா போட்டுத் தர்றேன்."

ஒரு சின்னத் தகர டப்பாவில் கற்பூரமும், அது காற்றில் கரையாமல் இருக்கக் கொஞ்சம் மிளகும் போட்டுக் கொடுத்தாள். தீரத்தீர நிரப்பிக் கொடுப்பாள். பக்கத்து டேபிள் ரூபன் மெக்சிகோக்காரன், வாயாடி. டப்பாவை எட்டிப் பார்த்து, "பால், துப்பாக்கிய மிளகு போட்டு வறுக்கப் போறியா?" என்றான். கற்பூரக் கரி படிந்த முதல் பிளாக்கை வெய்ன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

அந்த வருஷங்கள் முழுக்க இதுதான். காலையில் டிபன் பாக்ஸ் ஒரு கை, டப்பா ஒரு கை. சாயங்காலம் கரி விரலோடு போனால், "கை கழுவிட்டு உள்ள வாங்க, துப்பாக்கிக்காரரே" என்பாள்.

பூட்டு

ஒரு வருஷம் ஆர்டர் குறைந்தது. பிறகு நின்றது. வெய்ன் எல்லோரையும் கூப்பிட்டு, மூடுகிறேன் என்றார். கம்பெனிப் பெயரை மட்டும் யாரோ வெளியூர் ஆள் வாங்கிக்கொண்டான், எதுவும் செய்யவில்லை.

கடைசி நாள் காலையிலும் செல்வி டப்பாவை நிரப்பி நீட்டினாள். எனக்குக் கோபம் வந்தது.

"இனி எதுக்குடி கற்பூரம்? கம்பெனியே போச்சு."

"போனது வராதுன்னு யாருங்க சொன்னா? வெச்சிருங்க."

டப்பாவை டூல் பாக்ஸின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். தூக்கிவரத் தெம்பு இல்லை. "இங்கேயே இருக்கட்டும் பால், என் களஞ்சியத்துல எடுத்து வெக்கிறேன்" என்றார் வெய்ன்.

அப்புறம் நம் ஆட்கள் நடத்தும் மளிகைக் கடையில் வேலை. வெண்டைக்காய் அடுக்கினேன், அரிசி மூட்டை இறக்கினேன். உழைப்பில் கேவலம் இல்லை. ஆனால் ஃப்ரீசர் கதவைச் சாத்தும்போதெல்லாம் காது அந்த 'டுக்'கைத் தேடும். கதவு 'சப்' என்றுதான் மூடும். ஒருநாள் திரும்பத் திரும்பச் சாத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன அங்கிள், ரிப்பேரா?" என்றார் கடைக்காரர். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த நாட்களில்தான் செல்விக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, ஒரு கார்த்திகை மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். தகனத்துக்கு வெய்ன் வந்தார். முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். வீட்டில் பூஜை டப்பாவில் அவள் போட்டிருந்த கற்பூரத்தைக் காரியத்துக்கு வந்த யாரோ எடுத்து ஏற்றித் தீர்த்துவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

திறப்பு

போன வருஷம் போன் வந்தது. வெய்னின் மகள் டானா, பள்ளிக்கூட நாளில் என் டேபிள் பக்கம் நின்று கற்பூரம் எரிவதை வேடிக்கை பார்த்தவள், செல்வி கையால் சாப்பிட்டவள். இன்ஜினியர். பெயரைத் திரும்ப வாங்கிவிட்டாள், பழைய கட்டிடத்தையே வாடகைக்கு எடுத்திருக்கிறாள்.

"பால் அங்கிள்"—செல்வி சொல்லிக்கொடுத்த 'அங்கிள்'—"வர்றீங்களா? அப்பாவுக்குக் கை நடுங்குது. ரூபன் வந்தாச்சு."

மகள் என்னை வண்டியில் கொண்டுபோய் விட்ட வழியில் என் பேத்தி பின்சீட்டிலிருந்து, "தாத்தா, ஒய் ஆர் யூ கிரையிங்?" என்றாள். கண்ணில் தூசு என்றேன்.

உள்ளே புது சி.என்.சி. மெஷின்கள், கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பை வெட்டுகிறவை. முதல் துப்பாக்கி தயாராக இருந்தது. ஆனால் டானா முகத்தில் சிரிப்பு இல்லை.

"அளவெல்லாம் சரியா இருக்கு. ஆனா மூடறப்ப ஒரு பிடிப்பு இருக்கு, கேளுங்க." லீவரைத் தூக்கினாள். 'கிர்க்' என்றது. "நாளைக்கு டீலர் வர்றார். பழைய துப்பாக்கி நிறைய வித்தவர். இது அது மாதிரி இல்லேன்னா ஆர்டர் தரமாட்டார். அவர் தரலேன்னா எனக்கு பேங்க் கடன் தராது. திறந்த கதவை மறுபடி மூட வேண்டியதுதான். புளூ போட்டுப் பாத்தாச்சு, எல்லா இடமும் நீலம். அந்த வெள்ளைக் கட்டி இருக்கா?"

களஞ்சியத்திலிருந்து என் டூல் பாக்ஸ் வந்திருந்தது. பூட்டு துருப்பிடித்து முரண்டு பண்ணியது. கற்பூரம் திறந்து வைத்தால் ஒரு மாதம் தாங்காது. இத்தனை வருஷத்தில் வாசனைகூட மிச்சம் இருக்காது என்றுதான் டப்பாவின் மூடியைத் திருகினேன்.

இருந்தது. கொஞ்சம் இளைத்து, ஓரம் உருண்டு, மிளகோடு மிளகாக, செல்வி வைத்தபடியே இருந்தது.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டானாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஆன்ட்டி வெச்சதா? அதை வெச்சுக்கோங்க. டைம் இருக்கு, நான் டாலஸ் போயி இந்தியன் ஸ்டோர்ல புதுசு வாங்கிட்டு வர்றேன்." சாவியைக் கையில் எடுத்துவிட்டாள்.

எடுத்து வைத்துக்கொள்ளத்தான் மனசு சொன்னது. செல்வி கை பட்டது வேறு எதுவும் இப்படி மூடி போட்டு எனக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் அவள் இதை மூடி வைத்துக் கும்பிடுவதற்குக் கொடுக்கவில்லை. தொழிலுக்குத் தனியா என்று சொல்லித்தான் கொடுத்தாள். இந்தக் கதவு திறக்கும் என்று எனக்கு முன்னால் நம்பினவளும் அவள்தான்.

"வேண்டாம்மா. இது இதுக்குத்தான்" என்றேன்.

உள்ளே நெருப்பு கூடாதாம், மேலே சூடு பட்டால் தண்ணீர் கொட்டுகிற ஸ்ப்ரிங்ளர். பார்க்கிங் லாட்டுக்குப் போனோம். டெக்சாஸ் காற்று தெரியுமே, இரண்டு தரம் ஊதி அணைத்தது. டானா ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தாள். ரூபன் ஐஸ் பெட்டி மூடியைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக் குனிந்து, "வருஷக்கணக்கா மூடின கம்பெனி, ஒரு தீக்குச்சியில நிக்குது, சீக்கிரம்" என்றான். மூன்றாவது தரம் பிடித்தது. முருகா என்று பிளாக்கைச் சுடருக்கு மேல் காட்டினேன். மை மாதிரி கரி படிந்தது. அந்த வாசனையில் எனக்கு என் வீட்டுச் சாயங்காலம் வந்துவிட்டது.

உள்ளே போய்த் தள்ளி எடுத்தேன். கரி அழிந்த இடம் ஒன்றே ஒன்று, இடது ஓரத்தில், அரிசி அளவு. கல்லால் இரண்டு இழுப்பு. மறுபடி வெளியே, மறுபடி சுடர், மறுபடி உள்ளே. இப்படியே கடைசிக் கட்டி வரை போயிற்று. கற்பூரம் எதையும் மிச்சம் வைக்காது. கடைசியில் லீவரைத் தூக்கினேன்.

'டுக்.'

ஓரத்தில் நாற்காலியில் இருந்த வெய்ன் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் டீலர் வந்தார். லீவரைத் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார். "இத்தனை நாள் எங்கேய்யா போயிருந்தீங்க?" என்று துப்பாக்கியைப் பார்த்துத்தான் கேட்டார். ஆர்டர் கொடுத்தார்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், பிள்ளைகளே. காற்றில் கரைந்து போகிற பொருளைப் பெட்டியும் பூட்டும் காப்பாற்றாது. கூட யாரோ நினைத்துப் போட்ட நாலு மிளகுதான் காப்பாற்றும். தொழிலும் அப்படித்தான், மனுஷரும் அப்படித்தான்.

இப்போது புதுக் கற்பூரம் நானே வாங்குகிறேன். டப்பா அதேதான், மிளகும் அதேதான். அவள் போட்ட மிளகை மாற்றவில்லை.

இதை யாருக்காவது அனுப்பினால் உள்ளபடியே அனுப்புங்கள். செல்வியைப் பெரிய ஞானியாக்க வேண்டாம், என்னை வீரனாக்க வேண்டாம். துப்பாக்கி என்ற வார்த்தையை மெஷின் என்று மாற்றவும் வேண்டாம். அந்த வேலையை நானே பல வருஷம் செய்துவிட்டேன்.